ஆறாம் வகுப்பிலேயே தொடங்கும் கல்லூரி சீட் கணக்கு!

'என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு எழுதியிருக்கிறாள். பி.எஸ்சி. விவசாயம் படிக்க ஆசைப்படுகிறாள். சீட்டுக்கு யாரைப் பார்க்க வேண்டும்?'

பெண்ணாடம் பகுதியிலிருந்து வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார். கரும்புக்கு எந்த ரகம், மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கு என்ன மருந்து என்று கேட்கும் கடிதங்களுக்கு நடுவே வந்த கேள்வி இது. விவசாயக் குடும்பத்துக்கு இதுவும் ஒரு போகத்தின் கேள்விதான். ஒரு மாட்டையோ, கொஞ்சம் நகையையோ, சில நேரம் ஒரு காணி நிலத்தையோ பணயம் வைத்துத்தான் இந்தப் போகத்தில் இறங்குகிறோம்.

முதலில் நேரடியான பதில். யாரையும் பார்க்க வேண்டாம். அரசுப் பல்கலைக்கழகத்தில் கலந்தாய்வு வழியாக நிரப்பும் இடத்துக்கு ஆளைப் பார்த்து சீட் கொடுக்கும் அதிகாரம் துணைவேந்தருக்கும் இல்லை, டீனுக்கும் இல்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் டோக்கன் போட்டு வரிசையில் நிற்பதுபோல, மாணவர்களையும் வரிசையில் நிறுத்துகிறார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்பதை ஒரு விதி சொல்கிறது. அந்த விதியை எழுதுவது அரசு. விதி தெரிந்தவர்களுக்கு அது ஏணி. தெரியாதவர்கள்தான் புரோக்கரிடம் போய் நிற்கிறார்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். அந்த விதியில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இருக்கும் மிகப் பெரிய சலுகை, பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கில் இல்லை. பிள்ளையை ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் சேர்க்கிறோம் என்பதில் இருக்கிறது.

வரிசை எப்படிப் போடப்படுகிறது?

தமிழ்நாட்டில் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்குத் தனி நுழைவுத் தேர்வு கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை 200-க்கு மாற்றி, ஒரு கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள்.

பொறியியலுக்குக் கணக்கு மார்க் அப்படியே 100-க்கு. இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு. கணக்கில் 88, இயற்பியலில் 76, வேதியியலில் 82 வாங்கிய ஒரு மாணவிக்கு 88 + 38 + 41 = 167. இதுதான் அவருடைய கட்-ஆஃப். தமிழ், ஆங்கிலத்தில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது. வேளாண் படிப்புகளுக்கும் 200-க்குத்தான் தரவரிசை. எந்தப் பாடத்துக்கு எவ்வளவு என்பது அந்தந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டில் இருக்கும்.

'சி.பி.எஸ்.இ. பிள்ளைகளும் இதே வரிசையில்தானே நிற்கிறார்கள்? அங்கே மார்க் போடுவது வேறு மாதிரி ஆயிற்றே?' என்று கேட்கலாம். அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரு பாடத்தில் ஒவ்வொரு வாரியத்திலும் முதல் மதிப்பெண் எவ்வளவு என்று பார்த்து, அவற்றைச் சமமாக்குகிறார்கள். மாநில வாரியத்தில் முதல் மதிப்பெண் 100, இன்னொரு வாரியத்தில் 96 என்று வைத்துக்கொள்வோம். அங்கே 96 வாங்கியவருக்கு இங்கே 100. அங்கே 72 வாங்கியவருக்கு இங்கே 75. வேறு வேறு படியில் அளந்த நெல்லை ஒரே மரக்காலுக்கு மாற்றுவதுபோலத்தான் இது.

ஒரே கட்-ஆஃபில் பல பேர் வந்தால்? பொறியியல் கலந்தாய்வில், கணக்கில் யாருக்கு மார்க் அதிகம் என்று முதலில் பார்ப்பார்கள். அதுவும் சமம் என்றால் இயற்பியல், அப்புறம் நான்காவது பாடம், பிறகு பன்னிரண்டாம் வகுப்பு மொத்த மார்க், பத்தாம் வகுப்பு மார்க், பிறந்த தேதி. எல்லாமே சமமாக இருந்தால்தான் கம்ப்யூட்டர் ஒதுக்கும் ரேண்டம் எண். 'ரேண்டம் எண் வெளியீடு' என்று செய்தி வரும்போது, குலுக்கலில் சீட் கொடுக்கிறார்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. மற்ற எல்லாப் படியும் சமமான பிறகுதான் அதற்கு வேலை.

200 இடம் இருந்தால், யாருக்கு எத்தனை?

தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு 69 சதவீதம். 1994-ல் சட்டமாகி, அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையிலும் சேர்க்கப்பட்டது. ஒரு படிப்பில் 200 இடம் இருப்பதாக வைத்துக்கொண்டால், கணக்கு இப்படி வரும்:

பொதுப்பிரிவு (31 சதவீதம்) – 62 இடம்
பிற்படுத்தப்பட்டோர் (26.5) – 53 இடம்
பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் (3.5) – 7 இடம்
மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் (20) – 40 இடம்
ஆதிதிராவிடர் (15) – 30 இடம்
அருந்ததியர் (3) – 6 இடம்
பழங்குடியினர் (1) – 2 இடம்

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது பொதுப்பிரிவைத்தான். அது எந்தச் சாதிக்கும் தனியாக ஒதுக்கியது கிடையாது. தரவரிசையில் முன்னால் இருப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு. மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவி ஒருவர் முன்னணி ரேங்கில் வந்தால், பொதுப்பிரிவு இடத்திலேயே அவருக்கு சீட் கிடைக்கும். அவர் வகுப்புக்கு உரிய 40 இடம் குறையாமல் அப்படியே இருக்கும். அதனால், 'நமக்கு 40 இடம்தானே' என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. அவர்கள் போட்டியிடுவது 62-க்கும் சேர்த்துத்தான்.

7.5 சதவீதம்: கிராமத்துக்குக் கிடைத்த கதவு

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தொழிற்கல்விப் படிப்புகளில் மிகக் குறைவாகவே சேர்கிறார்கள் என்று நீதிபதி முருகேசன் தலைமையிலான ஆணையம் தமிழக அரசுக்கு அறிக்கை கொடுத்தது. அதன் அடிப்படையில் 2021 ஆகஸ்டில் சட்டசபையில் ஒரு சட்டம் நிறைவேறியது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத இடம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. மருத்துவப் படிப்புக்கு அதற்கு முந்தைய ஆண்டே, 2020-ல், இதே ஒதுக்கீடு வந்துவிட்டது.

மேலே சொன்ன 200 இடத்தில் 7.5 சதவீதம் என்றால் 15 இடம். இந்த 15-ம் அதே வகுப்புவாரிக் கணக்கில் பிரியும். இங்கே போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும்தான். 15 இடம்தானே என்று நினைக்காதீர்கள். பொது வரிசையில் பல ஆயிரம் பேருக்குப் பின்னால் நிற்கும் ஒரு பிள்ளை, இந்தத் தனி வரிசையில் முன்னால் வந்துவிட முடியும். பொறியியலில் இந்த மாணவர்கள் பொதுக் கலந்தாய்விலும் கலந்துகொள்ளலாம், தனிக் கலந்தாய்விலும் கலந்துகொள்ளலாம்.

பணத்திலும் பெரிய உதவி இருக்கிறது. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேரும் மாணவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். நான்கு வருஷப் படிப்புக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று விவசாயிக்கு விளக்கத் தேவையில்லை.

நிபந்தனைதான் முக்கியம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, ஏழு வருஷமும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் இதில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

நம் குடும்பங்களில் வழக்கமாக நடப்பது என்ன? பத்தாம் வகுப்பு வரை பிள்ளை உள்ளூர் அரசுப் பள்ளியில் படிக்கும். நல்ல மார்க் எடுக்கும். உடனே, 'இங்கேயே இருந்தால் வீணாகிவிடும்' என்று, கடன் வாங்கி வெளியூர் தனியார் விடுதிப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்துவிடுவோம். அந்த நாளோடு 7.5 சதவீத ஒதுக்கீடும் போய்விடும், அதோடு சேர்ந்த கட்டணச் சலுகையும் போய்விடும். தனியார் பள்ளியில் சேர்க்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. உள்ளூர்ப் பள்ளியில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியரே இல்லை என்றால் வேறு வழி இல்லாமலும் போகலாம். ஆனால், எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். இரண்டு வருஷ விடுதிப் பள்ளிக் கட்டணத்தை ஒரு பக்கமும், நான்கு வருஷக் கல்லூரிக் கட்டணத்தை இன்னொரு பக்கமும் எழுதிப் பாருங்கள். அப்புறம் முடிவெடுங்கள்.

விதி வந்த வழி

இன்று இருக்கும் விதி வானத்திலிருந்து விழுந்ததல்ல. கிராமத்துப் பிள்ளைக்கு எது நியாயம் என்ற வாக்குவாதத்தில் பலமுறை மாறியிருக்கிறது.

1984-லிருந்து தமிழ்நாட்டில் தொழிற்கல்விப் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. நகரத்தில் கோச்சிங் சென்டருக்குப் போன பிள்ளைகள் அதில் முந்தினார்கள், வயல் வேலைக்கு நடுவே படித்த பிள்ளைகள் பின்தங்கினார்கள். இதைச் சரிசெய்ய 1990-களின் பிற்பகுதியில், கிராமப்புறப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு 15 சதவீத இடத்தை அரசு ஒதுக்கியது. சில வருஷங்களில் அது நீதிமன்றத்தில் ரத்தானது. அதன் பிறகு, நுழைவுத் தேர்வையே எடுத்துவிடலாமா என்று ஆராய, அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு.அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்தார்கள். அதன் பரிந்துரைப்படி வந்த சட்டத்துக்கு 2007-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மார்க் மட்டுமே அளவுகோல் ஆனது.

பத்து வருஷம் கழித்து, 2017-ல், மருத்துவப் படிப்புக்கு மட்டும் நீட் தேர்வு கட்டாயமானது. பெண்ணாடத்திலிருந்து வெள்ளாற்றைத் தாண்டினால் அரியலூர் மாவட்டம். அங்கே குழுமூரைச் சேர்ந்த மாணவி அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1,200-க்கு 1,176 எடுத்தவர். அப்பா சுமை தூக்கும் தொழிலாளி. பழைய விதிப்படி மருத்துவக் கட்-ஆஃப் 200-க்கு 196.75. நீட்டில் அவருக்குக் கிடைத்தது 720-க்கு 86. முந்தைய ஆண்டின் விதி இருந்திருந்தால் டாக்டர் படிப்பில் சேர்ந்திருக்கக்கூடிய பெண், அந்த ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதி நம்மிடையே இல்லாமல் போனார். பிள்ளை அதே பிள்ளைதான், படிப்பும் அதே படிப்புதான். அளக்கும் கோல்தான் மாறியது.

நீட் வந்த பிறகு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தது. 7.5 சதவீதம் நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டிலேயே 300-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தது. இந்தப் பிள்ளைகளும் நீட் எழுதித் தகுதி பெற்றவர்கள்தான். அவர்களை யாரோடு ஒப்பிடுவது என்பதைத்தான் விதி மாற்றியது.

சிதம்பரத்தில் நடந்த மாற்றம்

நம் மாவட்டத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் அண்ணாமலைச் செட்டியாரால் தொடங்கப்பட்டது. கடலூர், நாகை வட்டாரத்து விவசாயக் குடும்பங்களிலிருந்து முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்களில் பலர் அங்கே படித்தவர்கள்தான். நீண்ட காலம் நிறுவனரின் குடும்பத்தார் நிர்வாகத்தில் இருந்த அந்தப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்கியபோது, 2013-ல் தனிச்சட்டம் கொண்டுவந்து தமிழக அரசு அதை ஏற்றது.

இப்போது அங்கே உள்ள மருத்துவ இடங்கள் மாநில மருத்துவக் கலந்தாய்வு வழியாக நிரப்பப்படுகின்றன. கட்டணத்தைக் குறைக்கக் கோரி மாணவர்கள் நீண்ட நாள் போராடிய பிறகு, 2021-ல் அந்த மருத்துவக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறி, அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி ஆனது. வேளாண் படிப்புகளுக்கு, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் சமீப ஆண்டுகளாகச் சேர்ந்தே விண்ணப்பம் வாங்குகின்றன. சிதம்பரத்துக்குத் தனியாக, கோவைக்குத் தனியாக என்று அலைய வேண்டியதில்லை.

மற்ற ஊர்களில் எப்படி?

கர்நாடகத்தில் வேளாண் பல்கலைக்கழகங்களில் விவசாயிகளின் பிள்ளைகளுக்கென்றே தனி ஒதுக்கீடு இருக்கிறது. 40 சதவீதமாக இருந்ததை 2021-ல் 50 ஆக உயர்த்தினார்கள். அந்த ஒதுக்கீட்டில் சேர ஒரு செய்முறைத் தேர்வு உண்டு. விதை, பயிர், கருவி பற்றி நேரில் கேட்பார்கள். வயலில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த அனுபவமும் ஒரு மதிப்பெண் என்பது அதன் பொருள். தமிழ்நாட்டில் அப்படி ஒதுக்கீடு இல்லை.

அமெரிக்காவில் பருத்தி விளையும் டெக்சாஸ் மாநிலத்தில் 1997-ல் ஒரு சட்டம் போட்டார்கள். எந்த ஊர்ப் பள்ளியாக இருந்தாலும், அந்தப் பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைகளுக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. பட்டணத்துப் பெரிய பள்ளியோடு ஒப்பிடாமல், பிள்ளையை அதன் சொந்தப் பள்ளிக்குள்ளேயே ஒப்பிட்டார்கள். முக்கியமான ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் இடம் போதாமல், பின்னாளில் அந்த 10 சதவீதத்தைக் குறைக்க வேண்டியிருந்தது.

இலங்கையில் 40 சதவீத இடம் நாடு முழுவதற்குமான தரவரிசைப்படி. 55 சதவீதம் மாவட்டங்களின் மக்கள்தொகைப்படி. 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இதே இலங்கையில், 1970-களின் தொடக்கத்தில் மார்க்கை மொழிவாரியாகத் 'தரப்படுத்தி', தமிழ்வழி மாணவர்கள் கூடுதல் மார்க் வாங்கினால்தான் இடம் என்று விதி வந்தது. அந்தக் காயம் பிற்காலத்தில் நாட்டையே பிளந்த சண்டைக்கு ஒரு காரணம் ஆனது. கல்லூரி சேர்க்கை விதி என்பது வெறும் அலுவலகக் காகிதம் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இவை எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான். பாசன வசதியுள்ள நன்செயில் ஏக்கருக்கு 40 மூட்டை எடுத்தவரையும், மானாவாரியில் 20 மூட்டை எடுத்தவரையும் எப்படி ஒப்பிடுவது? மூட்டையை மட்டும் எண்ணினால் முதல் ஆள்தான் ஜெயிப்பார். மண்ணையும் தண்ணீரையும் பார்த்தால் கணக்கு வேறு. 69 சதவீதமும், 7.5 சதவீதமும் மண்ணையும் பார்க்கச் சொல்லும் விதிகள். அதே நேரம், விளைச்சலையே பார்க்காமல் எந்த விதியும் சீட் கொடுக்காது. பிள்ளை படித்துத்தான் ஆக வேண்டும்.

சாய்ஸ் போடும்போது கவனம்

கலந்தாய்வு இப்போது ஆன்லைனில் நடக்கிறது. கல்லூரியையும் படிப்பையும் வரிசையாகப் பதிவு செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் முதல் ரேங்க் மாணவரின் பட்டியலை எடுத்து, மேலிருந்து பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுக்கும். அப்புறம் இரண்டாவது ரேங்க். இப்படியே போகும்.

இதில் செய்யும் பெரிய தவறு, 'இது எங்கே நமக்குக் கிடைக்கப்போகிறது' என்று விரும்பிய கல்லூரியைப் போடாமல் விடுவது. மேலே போட்டது கிடைக்காவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் அடுத்ததற்குப் போய்விடும். ஆனால், கிடைக்கும் என்று நினைத்ததை மேலே போட்டால், அதைவிட நல்லது காலியாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. ஆசைப்படும் வரிசையிலேயே போடுங்கள். பட்டியலை நீளமாகப் போடுங்கள். நான்கைந்து கல்லூரியோடு நிறுத்தியவர்கள்தான் ஒன்றுமே கிடைக்காமல் நிற்கிறார்கள். பிள்ளை போகவே போகாத கல்லூரியை மட்டும் போட வேண்டாம்.

இடம் ஒதுக்கிய பிறகு, ஏற்றுக்கொள்வதா, மேலே உள்ள சாய்ஸுக்குக் காத்திருப்பதா என்று கேட்பார்கள். அதற்குக் கொடுக்கும் நாட்கள் குறைவு. கதிர் அறுப்பில் இருந்துவிட்டு ஒரு நாள் தவறினாலும் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அதனால் விண்ணப்பத்தில் கொடுக்கும் செல்போன் எண், வீட்டில் தினமும் யாராவது பார்க்கும் எண்ணாக இருக்க வேண்டும். பிரவுசிங் சென்டர்காரரின் எண்ணைக் கொடுக்காதீர்கள். பாஸ்வேர்டையும் பிள்ளையே வைத்துக்கொள்ளட்டும்.

சான்றிதழ்கள்: ஏப்ரலிலேயே தயார் செய்யுங்கள்

மார்க் இருந்தும் காகிதம் இல்லாமல் சலுகையை இழப்பவர்கள் கிராமத்தில்தான் அதிகம். ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்தில் கூட்டம் தள்ளும். அதற்கு முன்பே இவற்றை வாங்கிவிடுங்கள்.

சாதிச் சான்றிதழ். பிள்ளையின் பெயர், அப்பா பெயர், இன்ஷியல் எல்லாம் மார்க் ஷீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள்.

வருமானச் சான்றிதழ். உதவித்தொகைக்குத் தேவைப்படும்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், கலந்தாய்வில் தொழிற்கல்விப் படிப்பில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2010-லிருந்து இது நடைமுறையில் இருக்கிறது.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான போனஃபைடு சான்று. 7.5 சதவீதத்துக்கு இதுதான் உயிர். நடுவில் பள்ளி மாறியிருந்தால், பழைய பள்ளியின் தலைமை ஆசிரியரிடமும் வாங்க வேண்டும். கோடை விடுமுறையில் அவரைத் தேட வேண்டியிருக்கும் என்பதால் முன்னதாகவே கேளுங்கள்.

இருப்பிடச் சான்றிதழ். பொறியியலுக்கு, எட்டாம் வகுப்பு முதல் தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு இது தேவையில்லை. வெளி மாநிலத்தில் கரும்பு வெட்டவோ, கட்டட வேலைக்கோ போய் அங்கே பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் கட்டாயம் வாங்க வேண்டும்.

வாசகர் கேட்கும் கேள்விகள்

சிறு, குறு விவசாயி சான்று இருந்தால் சீட்டில் முன்னுரிமை கிடைக்குமா?
தமிழ்நாட்டில் கிடையாது. ஆனால், முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினராக இருந்தால், பிள்ளையின் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. 2.5 ஏக்கர் நன்செய் அல்லது 5 ஏக்கர் புன்செய் வரை வைத்திருப்பவர்களும், விவசாயத் தொழிலாளர்களும் இதில் சேரலாம். தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கட்-ஆஃப் குறைவு. வேளாண் பட்டம் கிடைக்காது போலிருக்கிறது. என்ன செய்யலாம்?
விருத்தாசலம் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி, சிதம்பரம் அருகே சி.முட்லூர் அரசு கலைக் கல்லூரி, கடலூர் பெரியார் கலைக் கல்லூரி ஆகியவற்றில் தாவரவியல், விலங்கியல், வேதியியல் போன்ற அறிவியல் படிப்புகளைப் பாருங்கள். அரசு கலைக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், செலவும் மிகக் குறைவு. பாலிடெக்னிக் டிப்ளமா முடித்தால், பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது.

மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்தானா?
இல்லை. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு 2022-லிருந்து கியூட் என்னும் நுழைவுத் தேர்வு இருக்கிறது. தமிழிலும் எழுதலாம். தவறான விடைக்கு மார்க் குறைப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். விண்ணப்பம் பொதுத்தேர்வு முடிவுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால், தை, மாசியிலேயே கவனிக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்குத் தனி உதவி உண்டா?
அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து, கல்லூரியில் சேர்ந்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022-ல் தொடங்கியது. பின்னர் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப்புதல்வன் திட்டம்.

'கலந்தாய்வு சீட் நான் வாங்கித் தருகிறேன்' என்று ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ரேங்க் பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகிறது. உங்கள் பிள்ளையின் ரேங்குக்கு வரும் இடத்தை யாரும் தடுக்க முடியாது, வராத இடத்தை யாரும் வாங்கித் தரவும் முடியாது. சில புரோக்கர்கள், தானாகவே கிடைக்கப்போகும் சீட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, 'நான்தான் வாங்கிக் கொடுத்தேன்' என்று சொல்வதும் உண்டு.

விதிகளில் சிறு மாற்றங்கள் ஆண்டுதோறும் வரும். அந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டை இணையதளத்திலிருந்து எடுத்து, பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். புரியாத இடத்தைப் பள்ளி ஆசிரியரிடமோ, கலந்தாய்வு உதவி மையத்திலோ கேளுங்கள். வீட்டில் இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கும் சின்னப் பிள்ளை இருந்தால், அடுத்த ஜூனில் எந்தப் பள்ளி என்பதைப் பற்றி இந்த வாரமே பேசுங்கள். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.